மார்பகக் கட்டி வளர்கிறதா, சுருங்குகிறதா? ஸ்கேன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்திருக்கும். மருத்துவரைப் பார்க்க இன்னும் சில நாட்கள் இருக்கும். அந்த இடைவெளியில்தான் எனக்கு அழைப்புகள் வருகின்றன. ரேடியாலஜி துறையில் நெடுங்காலம் படம் எடுத்தவள் என்பதால், தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் அறிக்கையில் உள்ள எண்களைப் படித்துக் காட்டி, “இது வளர்ந்திருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தருகிறார்களே, ஒன்று போதாதா?

ஒவ்வொன்றும் வேறொன்றைப் பார்க்கிறது. மேமோகிராம் குறைந்த அளவு எக்ஸ்ரே கொண்டு எடுக்கும் படம். மணல் துகளைவிடச் சிறிய கால்சியம் படிவுகளைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலைப் புற்று பல நேரங்களில் அந்தத் துகள்களாகத்தான் முதலில் தெரிகிறது. அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளால் பார்ப்பது. கட்டிக்குள் நீர் இருக்கிறதா, திடமான திசு இருக்கிறதா என்பதை அது பிரித்துச் சொல்லும். அக்குள் நெறிக்கட்டிகளைப் பார்க்கவும், பரிசோதனைக்குத் திசு எடுக்கும் பயாப்ஸி ஊசியைச் சரியான இடத்துக்குக் கொண்டுசெல்லவும் அதுவே துணை.

எம்.ஆர்.ஐ.யில் கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். வளரும் கட்டி தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். அவை கசியும் குழாய்கள் என்பதால் மருந்து அங்கே வேகமாகச் சேர்ந்து, பல நேரங்களில் வேகமாகவே வெளியேறும். அந்த வேகமே ஒரு தகவல். பெட்-சி.டி. ஸ்கேன், சர்க்கரையைப் போன்ற ஒரு கதிரியக்க மருந்தை எந்தத் திசு அதிகம் உறிஞ்சுகிறது என்று உடல் முழுவதும் பார்க்கிறது. ஆரம்ப நிலையில் இருக்கும் எல்லோருக்கும் பெட் தேவைப்படாது. எதற்காக எழுதினார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

மேமோகிராமில் அப்படி அழுத்துகிறார்களே, கட்டி உடைந்து பரவிவிடாதா? ஊசி குத்தினாலும் பரவும் என்கிறார்கள்.

அழுத்துவதால் புற்று பரவாது. அழுத்தினால்தான் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விலகி, மறைந்திருப்பது தெரியும். கதிர்வீச்சும் குறைவாகப் போதும். வலிக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சில நொடிகள்தான்.

ஊசி குத்தித் திசு எடுக்கும் பயாப்ஸி பற்றிய பயம் இதைவிடத் தீவிரமானது; அதற்கும் இடம்கொடுக்க வேண்டாம். அதனாலேயே பரிசோதனையைத் தள்ளிப்போட்டு நிலைமையைச் சிக்கலாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எந்த ஸ்கேனும் புற்றுநோய் என்று முடிவாகச் சொல்லிவிடாது. ஊசியில் எடுத்த திசுதான் அதைச் சொல்லும். எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் அதிலிருந்தே தெரியும். தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இத்தனை ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சாலேயே இன்னொரு புற்று வந்துவிடாதா?

இரு மார்பகங்களுக்கும் வழக்கமான மேமோகிராம் எடுத்தால் உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.4 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நமக்கு வந்துசேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட். ஆக, ஒரு மேமோகிராம் என்பது சாதாரணமாக வாழும் இரண்டு மாதங்களுக்குச் சமம். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்த வகைக் கதிர்வீச்சே கிடையாது. பெட்-சி.டி.யில் மேமோகிராமைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் அதைக் காரணமில்லாமல் அடிக்கடி எடுப்பதில்லை.

“பை-ராட்ஸ் 4” என்று எழுதியிருக்கிறது. நான்காம் ஸ்டேஜா?

இல்லவே இல்லை. நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இந்தக் குழப்பத்தால் இரவெல்லாம் அழுதவர்களை எனக்குத் தெரியும். பை-ராட்ஸ் என்பது படத்தைப் பார்த்தவருக்கு எழுந்த சந்தேகத்தின் அளவு. 0 என்றால் இன்னும் படங்கள் தேவை. 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்கலாம். 4 என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். 5 என்றால் வாய்ப்பு 95 சதவீதமும் அதற்கு மேலும். 6 என்பது பயாப்ஸியில் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

இதில் 4 என்பது மிக அகலமான பெட்டி. 4ஏ என்றால் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 50 வரை, 4சி என்றால் 95 வரை. உங்கள் அறிக்கையில் எழுத்து இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேஜ் என்பது வேறு கணக்கு. கட்டியின் அளவு, நெறிக்கட்டிகள், பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பவற்றை வைத்து, புற்று உறுதியான பிறகே சொல்லப்படுவது.

போன ஆண்டு மேமோகிராமில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது பெரிய கட்டி என்கிறார்கள். அப்போதே தவறவிட்டுவிட்டார்களா?

சில நேரங்களில் இரண்டு மேமோகிராம்களுக்கு நடுவே வேகமாக வளரும் புற்று உண்டு. சில நேரங்களில் அது அப்போதே இருந்திருக்கும், தெரிந்திருக்காது. மேமோகிராமில் சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. மார்பகம் அடர்த்தியாக இருந்தால், வெண்மேகத்தின் நடுவே வெள்ளைக் கொக்கைத் தேடுவது போலத்தான். அறிக்கையில் அடர்த்தி ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகக் குறிக்கப்பட்டிருக்கும். சி, டி என்று இருந்தால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ கூடுதலாக வேண்டுமா என்று கேளுங்கள். நெதர்லாந்தில் மிக அடர்த்தியான மார்பகம் உள்ள 40,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், எம்.ஆர்.ஐ. செய்துகொள்ள அழைக்கப்பட்ட பிரிவில் இப்படி இடையில் தலைகாட்டும் புற்று ஆயிரத்துக்கு 5-லிருந்து 2.5 ஆகக் குறைந்திருந்தது.

லோபுலர் வகைப் புற்று இன்னொரு காரணம். அதன் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசை வரிசையாகத் திசுக்களுக்குள் நுழைந்துபோகும். உருண்டையாகத் திரளாது என்பதால், பல செ.மீ. பரவிய பிறகும் மேமோகிராமில் மங்கலாகவே இருக்கலாம்.

ஒரே ஒரு ஸ்கேனை வைத்து, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று சொல்ல முடியாதா?

முடியாது. வளர்ச்சி என்பது இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு; ஒரு படத்தில் ஒரு தேதிதான் இருக்கிறது. முதல் நாளில் வேகத்தைப் பற்றிக் குறிப்புத் தருவது பயாப்ஸிதான்: செல்களின் கிரேடு (இயல்பான செல்லிலிருந்து அவை எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது), பெருகும் நிலையில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்று காட்டும் கேஐ-67 எண். பழைய மேமோகிராம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். அன்று யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு நிழல் இன்று பேசக்கூடும்.

“போன மாதம் கையில் படவில்லையே, ஒரே மாதத்தில் வந்துவிட்டதா?” என்று தம்மையே குற்றஞ்சாட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு செ.மீ. கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு செல் அந்த எண்ணிக்கையை எட்ட சுமார் 30 முறை இரட்டிப்பாக வேண்டும். கட்டி ஒருமுறை இரட்டிப்பாகச் சில வாரங்களும் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பொதுவாக ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை (ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமிகுதியும் இல்லாதது) வேகமாகவும், ஹார்மோன் ஏற்பி உள்ள வகை மெதுவாகவும் வளரும். எப்படிப் பார்த்தாலும் அது ஒரு மாதத்தில் முளைத்ததில்லை. உங்கள் அலட்சியத்தால் வந்ததும் இல்லை.

மேமோகிராமில் 18 மி.மீ., அல்ட்ராசவுண்டில் 22, எம்.ஆர்.ஐ.யில் 27. பத்தே நாட்களில் இவ்வளவு வளர்ந்துவிட்டதா?

வளரவில்லை, மூன்று வெவ்வேறு கண்கள் பார்த்திருக்கின்றன. மேமோகிராமில் மார்பகம் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் குப்புறப் படுத்துத் தொங்கிய நிலையில், அல்ட்ராசவுண்டில் மல்லாந்து. கட்டியின் ஓரத்திலிருந்து முள் முள்ளாக நீளும் இழைகளைச் சேர்த்து அளப்பதா, நடுத்திரளை மட்டும் அளப்பதா என்பதிலேயே பல மி.மீ. மாறும். அல்ட்ராசவுண்டில் கருவியை எந்தச் சாய்வில் பிடித்தார் என்பதும் சேர்ந்துகொள்ளும். கட்டியைச் சுற்றி நாளங்களுக்குள் அடங்கியிருக்கும் புற்றையும் எம்.ஆர்.ஐ. சேர்த்துக் காட்டக்கூடும், அப்போது அதன் எண் மற்றவற்றைவிடப் பெரிதாக வரும். இதற்கிடையே பயாப்ஸி நடந்திருந்தால், ஊசி போன இடத்தில் கட்டிய ரத்தமும் அளவைக் கூட்டிக் காட்டலாம்.

ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் அளந்தாலும் ஓரிரு மி.மீ. வேறுபடும். எனவே ஒப்பிடுவதென்றால் மேமோகிராமை மேமோகிராமோடு, எம்.ஆர்.ஐ.யை எம்.ஆர்.ஐ.யோடு, முடிந்தால் அதே இயந்திரத்தில், அதே முறையில், அதே திசையில் அளந்து. சிகிச்சை தொடங்கும் முன் எடுக்கும் முதல் ஸ்கேனுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவது இதனால்தான். பின்னால் வரும் ஒவ்வொரு ஸ்கேனும் அதோடுதான் ஒப்பிடப்படும்; அதை அவசரத்தில் விட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

எம்.ஆர்.ஐ.க்கு மாதவிடாய் கணக்குப் பார்த்து வரச் சொல்கிறார்கள். எதற்கு?

ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் இயல்பான திசுவும் கான்ட்ராஸ்ட் மருந்தை வாங்கிக்கொண்டு ஒளிரும். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 7 முதல் 14-ஆம் நாள் வரை அது குறைவு. படம் தெளிவாக வரும். புற்று உறுதியாகிச் சிகிச்சை காத்திருக்கும்போது இதற்காக நாள் தள்ள மாட்டார்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

20 மி.மீ. 25 ஆகியிருக்கிறது. ஐந்து மி.மீ.தானே, ஏன் இவ்வளவு பதற்றம்?

அறிக்கையில் இருப்பது விட்டம். வளர்வதோ முப்பரிமாணக் கட்டி. விட்டம் 20-லிருந்து 25 ஆனால் கன அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதே கணக்கு நல்ல பக்கத்திலும் உண்டு: விட்டம் 30 சதவீதம் குறைந்தால் கட்டியின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பொருள். “முப்பது சதவீதம்தானா?” என்று சோர்ந்துபோகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் குரல் மாறுவதைக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் ஸ்கேனுக்கு ஸ்கேன் அளவு மாறுவது பற்றி முன்பு சொன்னதை மறக்க வேண்டாம். இரண்டு அளவுகளும் ஒரே வகை ஸ்கேனில் எடுத்தவையா என்று பார்த்த பிறகுதான் இந்தக் கணக்கு. 20-க்கும் 22-க்கும் இடையே பெருக்கல் போட்டுப் பயப்படுவதில் பொருளில்லை. அது அளவெடுப்பின் ஊசலாட்டமாகவே இருக்கலாம்.

“ஸ்டேபிள் டிசீஸ்” என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா?

இது ரெசிஸ்ட் என்ற அளவுகோலின் சொல். 2000-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்டது. பரவிய புற்றில் மருந்தின் பலனை எல்லோரும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பதற்காக உருவானது. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் உள்ள கட்டிகளில் அதிகபட்சம் ஐந்தை, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மிகாமல் தேர்ந்து, நீள விட்டங்களைக் கூட்டுகிறார்கள். நெறிக்கட்டியை மட்டும் குறுகலான பக்கத்தில் அளப்பார்கள். அது 10 மி.மீ.க்குக் கீழே வந்தாலே இயல்பாகிவிட்டதாகக் கொள்ளப்படும்.

தொடக்கக் கூட்டுத்தொகை 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அது 56 அல்லது அதற்குக் கீழே வந்தால், அதாவது 30 சதவீதம் குறைந்தால், பகுதிப் பலன். பிறகு 50 வரை இறங்கி, மீண்டும் 60-ஐத் தொட்டால் நோய் முன்னேறுகிறது என்பார்கள். “80-ஐவிடக் குறைவுதானே?” என்று தோன்றும். வளர்ச்சியை அளப்பது தொடக்கத்திலிருந்து அல்ல, எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து: அதைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீ.யும் கூடியிருக்க வேண்டும். புதிதாக ஒரு கட்டி தெரிந்தாலும் முன்னேற்றம்தான்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நிற்பது “ஸ்டேபிள்”. பரவிய நோயில் மாதக்கணக்கில் அது அப்படியே நின்றால் மருந்து வேலை செய்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அதுவும் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு.

அறுவைக்கு முன் கீமோ தருகிறார்கள். இரண்டு சுற்று முடிந்தும் அளவு குறையவில்லை. மாற்றச் சொல்லலாமா?

கேளுங்கள், ஆனால் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். செல்கள் செத்த இடத்தில் தழும்புத் திசு நின்றுவிடும். கைக்கு அதே கட்டியாகத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா, திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் முன்பைவிடத் தாராளமாக நகர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். செல்கள் நெருக்கமாக இருக்கும்போது நீர் நகர இடமிருக்காது. அவை சாகும்போது இடம் விடும். இந்த மாற்றங்கள் அளவு குறைவதற்கு முன்பே தெரியலாம். அறுவைக்கு முன் தரும் கீமோவை ஆராய்ந்த ஐ-ஸ்பை ஆய்வுகளில் எம்.ஆர்.ஐ.யில் அளந்த கன அளவு, கையால் தொட்டு அளப்பதைவிடச் சிகிச்சையின் பலனைச் சரியாக முன்னறிவித்தது.

எந்த வகைப் புற்று என்பதும் முக்கியம். ட்ரிப்பிள் நெகட்டிவ் வகையும், ஹெர்-2 புரதம் மிகுந்த வகையும் விரைவாகச் சுருங்கக்கூடியவை. ஹார்மோன் சிகிச்சையை முன்கூட்டியே கொடுப்பதென்றால் பலன் தெரியவே மாதங்கள் ஆகும். சிகிச்சைக்கு நடுவே கட்டி தெளிவாக வளர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் கட்டியே தெரியவில்லை. பிறகு எதற்கு அறுவை?

மிக நல்ல செய்திதான். ஆனால் கட்டி சுருங்கும் விதம் இரண்டு. சில ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். சில ஆங்காங்கே சிதறிய சிறு தீவுகளாக உடையும். அந்தத் தீவுகளை எம்.ஆர்.ஐ. தவறவிடலாம். உயிருள்ள புற்றுச் செல் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை, எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே சொல்ல முடியும். பயாப்ஸியின்போதோ கீமோவுக்கு முன்போ கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் கிளிப் வைப்பது இதற்காகவே. கட்டி மறைந்துவிட்டால் எங்கே வெட்டுவது என்பதற்கு அதுதான் அடையாளம். கிளிப் வைத்திருக்கிறார்களா என்று கீமோ தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கச் சந்தேகமும் வரும்: எல்லாம் போன பிறகும் மேமோகிராமில் கால்சியம் துகள்கள் அப்படியே இருக்கும். துகள் தானாக நோய் அல்ல. புற்று செத்த பின்னும் அது கரையாமல் கிடக்கும். இருந்தாலும் அந்தப் பகுதியையும் பொதுவாக அறுவையில் எடுத்துவிடுவார்கள்.

பெட் ஸ்கேனில் எஸ்.யு.வி. 8 இருந்தது 5 ஆகியிருக்கிறது. அவ்வளவு குணமாகிவிட்டதா?

எஸ்.யு.வி. என்பது சர்க்கரை போன்ற அந்த மருந்தைத் திசு எவ்வளவு உறிஞ்சியது என்று காட்டும் எண். அது இறங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதை உண்மையான மாற்றமாகக் கொள்வது வழக்கம். ஆனால் இந்த எண் அன்றைய ரத்தச் சர்க்கரை, மருந்து ஏற்றிய பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் படமெடுத்தார்கள், எந்த இயந்திரம் என்பவற்றால் எல்லாம் அசையும். அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே இருக்கிறது. நேரம் தவறாமல் வரச் சொல்வதும், வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஒரு செ.மீ.க்கும் சிறிய கட்டியைப் பெட் தவறவிடலாம். முன்பு சொன்ன லோபுலர் வகை, சர்க்கரையைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். மறுபுறம், தொற்றோ அண்மையில் போட்ட தடுப்பூசியோ அக்குள் நெறியை ஒளிரவைக்கும். எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

எலும்பு ஸ்கேனில் புதிய புள்ளிகள் வந்திருக்கின்றன. மருத்துவரோ “பொறுங்கள், நல்லதாகவும் இருக்கலாம்” என்கிறார். சமாதானத்துக்குச் சொல்கிறாரா?

இல்லை, அது உண்மையிலேயே நடப்பது. எலும்பு ஸ்கேன் புற்றை நேரடியாகக் காட்டுவதில்லை. எலும்பு தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் வேலையைக் காட்டுகிறது. சிகிச்சை பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போது அந்த வேலை கூடும். முன்பு தெரியாத இடங்களும் ஒளிரும். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் இது நடக்கும். சி.டி.யிலும் அதே இடங்கள் வெண்மையாகிப் புதியவை போலத் தோன்றலாம். வலி குறைந்திருக்கிறதா, மற்ற உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் எடுப்பார்கள். பலன் தரும் மருந்தை அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது என்பதே அந்தப் பொறுமைக்குக் காரணம்.

இப்போது கணினியே படத்தைப் படிக்கிறதாமே?

உதவியாகப் படிக்கிறது. ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களின் மேமோகிராம்களை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு படித்தபோது புற்றைக் கண்டறிவது குறையவில்லை. மருத்துவர்கள் படிக்க வேண்டிய வேலை 44 சதவீதம் குறைந்தது. கட்டியின் கன அளவை ஒரே மாதிரி அளப்பதிலும் மென்பொருள் உதவும். எலும்புப் புள்ளி கேள்வியில் பார்த்தது போன்ற இடங்களில் நோயாளியின் முழுக் கதையும் தெரிந்த மருத்துவர்தான் வேண்டும்.

சிகிச்சை முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே?

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் எடுப்பதை வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. அதனால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. தவறான எச்சரிக்கைகளும், அவற்றைத் தொடரும் ஊசிகளும், கதிர்வீச்சும் மட்டும் கூடும். ஆண்டுக்கு ஒரு மேமோகிராம், மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, இவை போதும். விடாத எலும்பு வலி, மூச்சுத் திணறல், புதிய கட்டி, ஓயாத தலைவலி வந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

வேறு மருத்துவமனைக்கு மாறுகிறோம். அறிக்கைகளை எடுத்துப்போனால் போதுமா?

போதாது. அறிக்கையில் இருப்பது ஒருவர் பார்த்ததன் சுருக்கம். புதிய மருத்துவர் தாமே அளந்து ஒப்பிட மூலப் படங்கள் வேண்டும். குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் அதில் அளக்க முடியாது. சிகிச்சைக்கு முந்தைய முதல் ஸ்கேன், மிகக் குறைந்த அளவு பதிவான ஸ்கேன், கடைசி ஸ்கேன் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். பயாப்ஸி அறிக்கையையும், கீமோ சுற்றுகளின் தேதிகள் எழுதிய ஒரு தாளையும் அவற்றோடு வைத்துவிடுங்கள்.